கோர்ட்டு அக்காவுக்கு, கறிவேப்பிலை திருடி எழுதுவது

அக்கா,

இன்று காலை உங்கள் வீட்டு மதில்மேல் எக்கி நின்று கறிவேப்பிலை ஒடித்தேன். கையெல்லாம் அந்த வாசனை. ஜன்னலுக்குள்ளிருந்து "ட்ரெஸ்பாஸ்" என்று உங்கள் குரல் வரும் என்று கொஞ்சம் நின்றேன். பூட்டிக் கிடக்கிற வீட்டில் யார் கூப்பிடப் போகிறார்கள். நீங்கள் கண்ணை மூடியது மரத்துக்குத் தெரியவில்லை, அதுபாட்டுக்குத் தழைத்துக்கொண்டிருக்கிறது.

கோர்ட்டில் டைப்பிஸ்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர் நீங்கள். யார் யாருக்கு என்ன கெடுதல் செய்தாலும் அதற்கான இங்கிலீஷ் பெயர் உங்கள் விரல் வழியாகத்தான் காகிதத்துக்குப் போனது. வீட்டுக்கு வந்து அதே பெயர்களை எங்கள்மேல் செலவழித்தீர்கள். நான் இலை பறித்தால் அத்துமீறி நுழைந்த ட்ரெஸ்பாஸ். கடைசி வடையை என் வீட்டுக்காரர் எடுத்துவிட்டால் கையாடல், அதாவது மிஸ்அப்ராப்ரியேஷன். கோயிலுக்குக் கூட்டிப்போவதாகச் சொல்லி மறந்தால் ஆசை காட்டி மோசம் செய்த சீட்டிங். நம் இரும்புலியூரிலேயே அதிகக் குற்றம் செய்தவள் நானாகத்தான் இருப்பேன். உங்களிடம் திட்டு வாங்க எனக்கு அத்தனை பிடிக்கும்.

ஆனால் நிஜமாகவே ஒருவர்மேல் அந்தச் சொற்களைப் போடச் சொன்னால் லேசில் விடமாட்டீர்கள். அஞ்சலை விஷயம் நினைவிருக்கும். கோவளத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, நம் தெருமுனை டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் கூடை வைத்து மீன் விற்கிறவள். அவளை அப்புறப்படுத்த மனு டைப் அடித்துத் தரச் சொல்லி நம் குடியிருப்போர் சங்கத் தலைவர் உங்களிடம் வந்தார். "இல்லீகல், என்க்ரோச்மென்ட், ரெண்டும் கட்டாயம் இருக்கணும் மேடம். அப்பதான் கார்ப்பரேஷன் ஆபீஸ்ல அசைவாங்க" என்றார். சட்டவிரோதம், ஆக்கிரமிப்பு என்று அர்த்தமாம்.

நீங்கள் மறுக்கவில்லை. அழகாக அடித்துக் கையில் கொடுத்தீர்கள். "கோர்ட்ல குற்றம் என்னன்னு அந்த ஆளுக்குப் புரியற பாஷையில படிச்சுக் காட்டிட்டுத்தான் சார் மேல போவாங்க. நாமளும் அப்படியே செஞ்சிடலாம். அவகிட்ட தமிழ்ல நீங்களே சொல்லிட்டு, அங்கேயே கையெழுத்துப் போடுங்க" என்றீர்கள். வேடிக்கை பார்க்க நானும் ஒட்டிக்கொண்டு வந்தேன்.

தலைவர் அவள் முன்னால் நின்று காகிதத்தைப் பிரித்தார். தொண்டையைச் செருமினார். அஞ்சலை நிமிர்ந்து, "இன்னா சார், கோர்ட்டு அக்காவெல்லாம் இட்டுகினு வந்துகீற?" என்றாள். மனுஷருக்கு வியர்த்துவிட்டது. "சங்கரா மீன் இருக்கா?" என்று கேட்டார். அந்த மனுவிலேயே சுற்றி வாங்கிக்கொண்டு போனார். மீன் வாசமே ஆகாத நீங்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வீடு வரைக்கும் சிரித்தீர்கள். வாசலில் நின்று, "மூஞ்சியப் பார்த்துச் சொல்ல முடியாததை எழுதக் கூடாதுடி" என்றீர்கள்.

இன்று அதே மாதிரி மனு நம் சங்கத்து வாட்ஸ்ஆப் குரூப்பில் வந்தது. யாரோ செல்போனிடமே எழுதி வாங்கியிருக்கிறார்கள். இல்லீகல், அன்லாஃபுல், அனாதரைஸ்டு, நியூசன்ஸ் என்று ஒன்று விடவில்லை. இருப்பது ஒரு கூடை அக்கா, அதன்மேல் எத்தனை பெயரைத்தான் ஏற்றுவார்கள்? அடியில் ஆட்களின் பெயர்கள் மளமளவென்று சேர்ந்துகொண்டிருந்தன. நாளைக்கு ஆபீஸில் கொடுத்துவிட்டால் அஞ்சலைக்கு அந்த இடம் போய்விடும், அதை விட்டால் அவளுக்கு வேறு இடம் கிடையாது. சங்கக் கூட்டத்தில் நான் வாயே திறந்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியும். கறிவேப்பிலை வாசனை போகாத விரலால் தட்டினேன்: "பெயர் போட்ட எல்லாரும் டிரான்ஸ்பார்மர்கிட்ட வாங்க. அஞ்சலைக்குத் தமிழ்ல படிச்சுக் காட்டிட்டு அப்புறம் கொடுத்திடலாம்." மளமளவென்று சேர்ந்த பெயர்கள் அதோடு நின்றுவிட்டன.

ஒரே ஒருவர் வந்தார். முனை வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர். மனுவை ஆரம்பித்ததே அவர்தான். அவர் போனைத் திறந்தார், பார்த்தார், பையில் போட்டுக்கொண்டார். "அக்கா, நீங்க மீன் கழுவி ஊத்தற தண்ணி எங்க வீட்டு கேட்டு முன்னாடி நிக்குது. எங்க அம்மா வழுக்கி விழுந்துட்டாங்க. கையில கட்டுப் போட்டிருக்கு" என்றார்.

அஞ்சலை எழுந்துவிட்டாள். "இத்த மொதல்லியே சொல்லக்கூடாதா கண்ணு? எனக்கு இன்னா தெரியும்? கையி இப்ப எப்டி கீது?" என்று கேட்டுக்கொண்டே கூடையை டிரான்ஸ்பார்மருக்கு அந்தப் பக்கம், சாக்கடை ஓரமாக இழுத்தாள். இனித் தண்ணீர் நேராக அதில் போய்விடும். அவர் அங்கேயே நின்று குரூப்பிலிருந்து மனுவை எடுத்துவிட்டார். வேறு யாராவது இன்னொரு மனு எழுதத்தான் எழுதுவார்கள். எழுதினால் திரும்பவும் டிரான்ஸ்பார்மருக்குக் கூப்பிடுவேன்.

உங்கள் இங்கிலீஷ் எனக்கு வராது அக்கா. இந்த ஒரு பழக்கத்தை மட்டும் உங்களிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டேன். கேட்காமல் எடுத்ததற்கு நீங்கள் என்ன பெயர் வைப்பீர்களோ.

அஞ்சலை வம்படியாகக் கொடுத்தனுப்பிய சங்கரா இப்போது அடுப்பில் கொதிக்கிறது. இலை போதவில்லை என்று மறுபடி உங்கள் மதிலுக்குப் போனேன். ஜன்னலைப் பார்த்து நானே சத்தமாக "ட்ரெஸ்பாஸ்" என்றேன். சொல்லிவிட்டு அங்கேயே நின்று அழுதேன். மரம் உங்களுடையது, பறித்தவள் நான்தான், எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். கேஸ் போட வாங்க, அக்கா.