கிணற்றுத் தண்ணீர் தோசை

9 நவம்பர், ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை. பயிற்றங்காய்ப் பந்தல் பாதி சாய்ந்துவிட்டது. யாரும் படிக்காத நோட்டு என்பதால் எழுதுகிறேன்: வசந்தாவின் தோசைக் கடையைக் கவிழ்த்தது அவள் புருஷனாகிய நான்தான்.

போன மாதப் பெருமழையில் ஓடை வழிந்து, பக்கத்து ஆ செங்கின் கோழிப் பண்ணையைக் கழுவிக்கொண்டு எங்கள் கொல்லை வரை வந்தது. குளுவாங் டவுன் மாமாக் உணவகத்தில் நாலு பேர் சிரிக்கட்டுமே என்று, "எங்க கிணத்துல வாளியப் போட்டா கோழி சூப் வருது" என்றேன். சிரித்தார்கள். நன்றாகவே சிரித்தார்கள். அதோடு விட்டிருக்கலாம், ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

இன்று சந்தையில் ஓர் அம்மா வசந்தாவிடம், "அக்கா, உங்க தோசை சைவம்தானே?"

கடைப் பலகையில் ‘கிணற்றுத் தண்ணீர் தோசை’ என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. எழுதியதும் நான்தான். மாவு முக்கால் வாளி மிச்சம். மத்தியானம் தோசை. இரவும் தோசை.

வசந்தா: "இப்படியே போனா அடுத்த மாசம் கடைய மூட வேண்டியதுதான். எவன் கெளப்பி விட்டான்னு மட்டும் தெரியட்டும்."

நான் சட்னியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

10, திங்கள்

மழை இல்லை. காலை தோசை.

ஆ செங் வந்தார். சிரிப்பில்லை. மலாயில் சொன்னார்: "என் கோழிகளும் நிலத்தடித் தண்ணீர்தான் குடிக்கின்றன. ஒன்றுக்கும் உன் அளவுக்கு வாய் இல்லை. கிணற்றைச் சோதனைக்குக் கொடு. பண்ணை மேல் தப்பு என்றால் வாய்க்காலை நானே மாற்றி வெட்டுகிறேன்."

போகும்போது ஒரு தட்டு முட்டை வேறு கொடுத்தார். திட்டிவிட்டுப் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

செய்ய வேண்டியவை: சோதனைக்கூடத்தில் போத்தல் வாங்க. பந்தலுக்குக் கம்பு. மாமாக் உணவகம் பக்கம் தலைகாட்டாமல் இருக்க.

11, செவ்வாய்

போத்தல் இரண்டு. சின்னது கிருமிக்கு, பெரியது மற்றதற்கு. சின்னதற்குள் ஏதோ வெள்ளைத் தூள். புது டம்ளரைக்கூடக் கழுவாமல் அடுக்கில் வைக்காத வீடு இது. சோப்புப் போட்டுத் தேய்த்து, சுடுதண்ணீரில் அலசி, வெயிலில் கவிழ்த்தேன். கல்யாணத்துக்குப் பிறகு நானாகக் கழுவிய முதல் பாத்திரம்.

12, புதன்

காலையில், கிணற்று மோட்டார் தண்ணீர் வரும் பின்வாசல் குழாயில் பிடித்துக்கொண்டு போனேன். சோதனைக்கூடத்துப் பெண் மூடியைத் திறந்து முகர்ந்தாள்.

"அங்கிள், எலுமிச்சை வாசனை வருதே."

"சோப்பும்மா. சுத்தமா இருக்கட்டும்னு."

"அது கிருமி இல்லாம அடைச்ச போத்தல், அங்கிள். தண்ணி பிடிக்கிற வரைக்கும் தெறக்கவே கூடாது. உள்ள இருந்த தூளு?"

"அழுக்குன்னு நெனச்சேன்."

"அது குளோரின அடக்கறதுக்கு. அரசாங்கப் பைப் தண்ணில குளோரின் இருக்கும்ல." பெருமூச்சு.

புதுப் போத்தல் கொடுத்தாள். பையில் போட்டு, பையின் வாயை இறுக்கக் கட்டி.

13, வியாழன்

இந்த முறை கிணற்றிலேயே பிடித்துவிடலாம் என்று கிளம்பினேன். வசந்தா மறித்தாள்.

"அங்க எதுக்கு? ரெண்டு வருஷம் முன்ன வழுக்கி விழுந்தது மறந்துபோச்சா? பின்வாசல் குழாய்லயே பிடிங்க. மாவுக்கும் அந்தத் தண்ணிதானே ஊத்தறேன்."

நியாயம். விழுந்ததிலிருந்து நான் கிணற்றடிக்குப் போனதில்லை. என் பயிற்றங்காய்க்கு ஓடைத் தண்ணீர் போதும். என் இடுப்பின் மேல் இவ்வளவு அக்கறையா என்று நெஞ்சு கொஞ்சம் நனைந்தது.

குழாய் வாயை நெருப்பில் சுட்டபிறகு பிடிக்கச் சொல்லியிருந்தாள் அந்தப் பெண். சுட்டேன். மீசையின் இடப்பக்கம் போச்சு.

"அலமாக்," என்று தலையில் கை வைத்தார், வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஆ செங்.

20, வியாழன்

முடிவு வந்துவிட்டது. கிருமி இல்லை. உரச் சத்து, சொல்லும்படி இல்லை. கோழி சம்பந்தமாக எதுவுமே இல்லை.

பெண் மட்டும் தாளை இரண்டு தடவை பார்த்தாள். "கிணத்துல குளோரின் போடறீங்களா, அங்கிள்? கொஞ்சம் காட்டுது."

"எங்க கிணறு தன்னத்தானே சுத்தம் பண்ணிக்கும்மா," என்றேன். பெருமையாகவே.

23, ஞாயிறு

நல்ல வெயில். சோதனைத் தாளுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டுப் பலகைக்குக் கீழே மாட்டினோம். முதல் ஆளாக ஆ செங். நாலு தோசை, நின்றபடியே, சந்தை பூராவும் பார்க்க. ஒன்பது மணிக்கு மாவு காலி.

அந்தச் சைவ அம்மாவும் வந்தார். "நான் அப்பவே சொன்னேன்லா. கிணத்துத் தண்ணி ருசியே தனி. பைப் தண்ணில இந்தப் பதம் வராது."

"வராதுக்கா," என்றாள் வசந்தா, கண் இமைக்காமல்.

திரும்பும் வழியில் என்னிடம்: "கோழி சூப்புன்னு சொன்னது யாருன்னு அன்னைக்கே தெரியும். அப்படிப் பேசற வாய் இந்தக் கம்பத்துல, ஊரு மொத்தத்துக்கும், ஒண்ணுதான்."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"மூணு வேளையும் தோசை சாப்பிட்டீங்களே. போதும்னு விட்டுட்டேன்."

24, திங்கள்

மறுபடி மழை. மானத்தைக் காத்த கிணற்றுக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றியது. வசந்தா குளுவாங் போன நேரம் பார்த்து, கம்பூன்றிப் போனேன். விபூதி பூசலாம் என்று மோட்டார் மூடியைத் தூக்கினால், வயரே இல்லை. உள்ளே மைனா கூடு. அதுவும் பழையது. பின்வாசல் குழாயை அப்படியே கண்ணால் தொடர்ந்தேன். சுவரோரமாகப் போய், வளைந்து, அரசாங்கத் தண்ணீர் மீட்டரில் சேர்கிறது.