ஏன் என்றொரு கட்டம்

சார், வருகைப் பதிவில் நீங்கள் போட்ட கட்டத்தை எடுத்துவிட்டார்கள். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்து வருடம் அதை நிரப்பிய நான் இன்னும் உயிரோடு, பள்ளிக்கு நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறேன். கேட்டிருக்கலாம். இது அநியாயம். இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதை எழுதுவேன்.

நேற்றுச் சாயங்காலம் தலைமையாசிரியை கைப்பேசியோடு என் வீட்டுக்கு வந்தார். சின்ன வயது, நல்ல பெண். புதிதாக வந்திருக்கும் வருகைப் பதிவுச் செயலியைக் காட்டினார். பிள்ளையின் பெயருக்கு நேரே இரண்டே பொத்தான்கள். வந்தது, வரவில்லை. அவ்வளவுதான்.

"பெரியம்மா, நம்ம ஸ்கூல ரோட்டுக்கு அங்குட்டு இருக்க ஸ்கூலோட சேக்கப் போறாகளாம். லிஸ்ட்ல பேரு வந்துருச்சு. தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போன பிள்ளைக அம்புட்டும் நின்னுட்டதாக் காட்டுது. காரணம் போட இதுல எடமே இல்ல. நான் என்ன செய்யட்டும்?"

அவர் போனதும் பரணிலிருந்து என் பழைய நோட்டை இறக்கினேன். பிரித்த உடனே பெருங்காய வாசம். ஓரமெல்லாம் மஞ்சள் கறை. நடுப் பக்கத்தில் நீங்கள் பென்சிலால் போட்ட கோடுகள் இன்னும் அழியவில்லை.

நீங்கள் முதன்முதலில் எங்கள் பள்ளிக்கு வந்தது ஒரு பழைய மொபெட்டில், பின்னால் கம்ப்யூட்டர் பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு. வட்டாரக் கல்வி அலுவலகத்தில் பள்ளிகளின் விவரங்களையெல்லாம் ஒரே இடத்தில் சேர்க்கும் வேலை உங்களுக்கு. எந்தப் பள்ளிக்கு ஆசிரியர் வேண்டும், எங்கே பிள்ளைகள் குறைகிறார்கள் என்று அதிகாரிகள் அதைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார்கள் என்றீர்கள். நான் சத்துணவு அமைப்பாளர். படிப்பு எட்டாம் வகுப்பு. பள்ளி சொல்லிக் கொடுக்காததை நானே தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டவள்.

உலையில் அரிசி போடுமுன் எத்தனை பேர் என்று எனக்குத் தெரிய வேண்டும். இன்றைக்கு வராதவன் நாளைக்கு வருவானா என்றும் தெரிய வேண்டும். அதனால் அக்காளிடம் தம்பியைப் பற்றியும், தம்பியிடம் அக்காளைப் பற்றியும் கேட்டுக் கேட்டு எழுதிவைப்பேன். 'சீருடை காயவில்லை.' 'அம்மா ஆத்தங்குடிக்குத் தரைக்கல் வேலைக்குப் போயாச்சு, கைப்பிள்ளையைப் பார்க்கிறாள்.' 'பல் விழுந்துவிட்டது, வெட்கம்.'

அந்த நோட்டை நீங்கள் புரட்டிப் பார்த்துச் சிரித்தீர்கள். "நல்லாத்தான் இருக்குக்கா. ஆனா இது கணக்கு இல்ல, கதை" என்றீர்கள்.

எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு உங்கள் தட்டில் அப்பளம் வைக்கவில்லை. நீங்கள் அதைக் கவனித்தீர்களோ என்னவோ.

அடுத்த தை மாதம் ஊரில் பாதிப் பேர் மாலை போட்டுப் பழனிக்கு நடந்தார்கள். வீட்டைப் பூட்டிக்கொண்டு போகிறவர்கள் பிள்ளைகளை யாரிடம் விடுவார்கள்? கூட்டிக்கொண்டுதான் போவார்கள். நீங்களும் லீவு போட்டுவிட்டு நடந்தீர்கள். சிங்கம்புணரி தாண்டி எங்கள் பிள்ளைகளோடு சேர்ந்துகொண்டீர்களாம். மூன்றாம் வகுப்பு முருகாயியின் துணிப் பையை நத்தம் வரைக்கும் உங்கள் தோளில் போட்டு வந்தீர்களாம். திரும்பி வந்த பிள்ளைகள் ஒரு வாரம் உங்களைப் பற்றியேதான் பேசினார்கள்.

அந்த ஒரு வாரத்தில்தான், அவர்கள் நடந்த நாட்களை எண்ணி, உங்கள் கம்ப்யூட்டர் அவர்கள் பெயரையெல்லாம் நீக்கியது. தொடர்ந்து ஏழு நாள் வராத பிள்ளை பள்ளியை விட்டு நின்றுவிட்டது என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தவர் நீங்களே. நின்ற பிள்ளையைச் சீக்கிரம் கண்டுபிடித்துத் திரும்பக் கூட்டிவர வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் செய்தீர்கள். அது வேறு மாதிரி முடிந்தது. பிள்ளை குறைந்துவிட்டது, பள்ளியை மூடலாம் என்று அலுவலகத்தில் முடிவெடுத்துவிட்டார்கள்.

காலெல்லாம் கொப்புளத்தோடு நீங்கள் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றதை நான் மறக்கவில்லை.

"அக்கா, அந்த நோட்டக் கொஞ்சம் தாங்க."

"எதுக்கு சார்? கதை கேக்க வந்தீகளா?"

வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். "முருகாயி பைய நாந்தேன் தூக்கிட்டு நடந்தேன். அவ பேர அடிச்சதும் நாந்தேன்" என்றீர்கள். அதற்கு மேல் எனக்கு வீம்பு பிடிக்க முடியவில்லை. நோட்டைக் கொடுத்தேன். அப்பளமும் கொடுத்தேன்.

அலுவலகத்தில் பெரியவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்க, என் நோட்டைக் காட்டி, "மெஷின் தப்புப் பண்ணல சார். நாந்தேன் தப்பாச் சொல்லிக் குடுத்தேன்" என்று நீங்கள் எழுந்து சொன்னதை, உங்களோடு வந்த நான் கதவோரம் நின்று கேட்டேன். வேலைக்கு உலை வைத்துக்கொள்கிறாரே இந்த மனிதர் என்று பயந்தேன். பள்ளி தப்பித்தது. அடுத்த வாரமே, என் நோட்டின் நடுப் பக்கத்தில் நீங்கள் பென்சிலால் எழுதிப் பார்த்த மாதிரியே, வருகைப் பதிவில் இன்னொரு கட்டம் வந்தது. மேலே ஒரே சொல்: ஏன்.

"இத வாத்தியாருக யாரும் நெரப்ப வேணாம். நீங்கதான் நெரப்பணும்" என்றீர்கள். கம்ப்யூட்டர் பழக எனக்கு நாலு சனிக்கிழமை ஆயிற்று. திங்கட்கிழமைகளில் 'சீருடை காயவில்லை' என்று வரிசையாக வந்ததைப் பார்த்துத்தானே திங்கட்கிழமை மட்டும் எந்த உடுப்பிலும் வரலாம் என்று உத்தரவு வாங்கிக் கொடுத்தீர்கள்? கைப்பிள்ளை வைத்திருந்த அக்காள்களுக்காக அங்கன்வாடியைக் காலையில் சீக்கிரம் திறக்கவைத்தீர்கள். என் கதைக்குக் கிடைத்த மரியாதை அது. வேறு யாரும் எனக்கு அப்படி ஒன்று செய்ததில்லை.

புதன்கிழமை மதியம் வருவீர்கள். தட்டை எடுக்குமுன், "எல்லாப் பிள்ளையும் சாப்பிட்டுருச்சாக்கா?" என்று கேட்பீர்கள். ஆமாம் என்று நான் சொன்னால்தான் உட்காருவீர்கள். இப்போதும் புதன்கிழமை மொபெட் சத்தம் கேட்டால் என்னையறியாமல் வாசலைப் பார்க்கிறேன். நீங்கள் கண் மூடிய செய்தியைக்கூட எனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. ஐப்பசி மழையில் எல்லாம் முடிந்து மூன்றாம் நாள் சந்தையில் காதில் விழுந்தது. சேனைக்கிழங்கைக் கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. அந்தக் கோபமும் எனக்கு ஆறவில்லை.

முருகாயியின் மகள் இப்போது இரண்டாம் வகுப்பு. இந்தத் தையில் அவளும் நடந்தாள், அவளுக்கும் 'வரவில்லை' என்று விழுந்திருக்கிறது. பள்ளி மூடினால் அவள் லாரி ஓடும் பெரிய ரோட்டைக் கடக்க வேண்டும். அவளை அனுப்ப மாட்டேன் என்று முருகாயி என்னிடமே சொல்லிவிட்டாள். அப்புறம் அந்தப் பிள்ளை உண்மையாகவே நின்றுவிடும். செயலி சொன்னது சரிதான் என்பார்கள்.

அதனால் செய்ய வேண்டியதை எழுதிவிட்டேன். தலைமையாசிரியை இன்றைக்கே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஏன் வரவில்லை என்று தாளில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். செயலியில் இடமில்லை என்றால் தாளில் இருக்கிறது. பழனிக்குப் போன பெற்றோர் எல்லோரும் திங்கட்கிழமை பிள்ளைகளோடு அலுவலகத்துக்கு வர வேண்டும், முருகாயி முன்னால் வர வேண்டும். கல்வி அலுவலர் ஒரு நாள் மதியம் எங்கள் பள்ளிக்கு வந்து தட்டுகளை எண்ண வேண்டும், அதுவரை பட்டியலில் கை வைக்கக் கூடாது. எங்கோ உட்கார்ந்து செயலி எழுதுகிறவர், யாராக இருந்தாலும், மூன்றாவதாக ஒரு கட்டம் போட வேண்டும். மேலே என்ன எழுதுவது என்று அவருக்குத் தெரியாவிட்டால் உங்கள் பென்சில் எழுத்தைப் பார்த்துக்கொள்ளட்டும்.

நான் திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் நோட்டோடு போக வேண்டும். நீங்க யாரு, எதுக்கு வந்தீங்க என்று கேட்பார்கள். கதை சொல்ல வந்திருக்கேன், உக்காந்து கேளுங்க என்பேன்.