அவரவர் போட்ட மார்க்

12-11-1996, செவ்வாய்

ஃபேக்டரி நோட்டீஸ் போர்டில் இன்று ஆட்குறைப்புப் பட்டியலை ஒட்டினேன். முதல் பெயர் லேத் மாதையண்ணன்.

போன மாதம், அவரவர் வேலைக்கு அவரவரே பத்துக்கு மார்க் போடும் ஃபாரத்தை அவரிடம் கொடுத்தவன் நான்தான். கௌதள்ளி என்ற கிராமத்துக்காரர். "நம்மள நாமே மெச்சிக்கலாமுங்களா?" என்று கூச்சப்பட்டு நாலு போட்டார். லேத் மெஷின் வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. குறைந்த மார்க்காரர்களைத்தான் அனுப்பப் போகிறார்கள் என்பது அப்போதே என் காதில் விழுந்திருந்தது. பேசாமல் வாங்கிக்கொண்டேன்.

இன்று சண்டைக்கு வருவார் என்று பயந்தேன். "யார் மேல கோவிச்சுக்கறது தம்பி? நானே போட்டதுதானுங்களே" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அந்தக் கை இன்னும் தோளிலேயே இருக்கிறது.

எனக்கு நான் போட்டுக்கொண்டது ஒன்பது.