விலாசம்: பழைய பிள்ளைக்காம்பரா

மழையிலும் பனியிலும் கூடை சுமந்த என் அம்மாவுக்கு,

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. உன்னிடம் சொல்ல ஒரு நல்ல சேதி வைத்திருக்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் கெட்ட சேதியைச் சொல்லியாக வேண்டும். நம்முடைய பணிய லயத்து வரிசை வீடெல்லாம் போய்விட்டது. போன வருஷத்து அடைமழையில் மேலே இருந்த மலை சரிந்து லயத்தின் முதுகில் வந்து விழுந்தது. ஆள்சேதம் இல்லை, பயப்படாதே. முன்பக்கம் மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி நிற்கிறது. கதவில் சிவப்பு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். உன் அடுப்படிக்குள் இடுப்பளவுக்கு மண் கிடக்கிறது.

இப்போது எங்கே இருக்கிறோம் தெரியுமா? பழைய பிள்ளைக்காம்பராவில். கைப்பிள்ளையாக என்னை ஏணையில் போட்டு ஆயாவிடம் ஒப்படைத்துவிட்டு நீ தேயிலைக் கொழுந்து எடுக்கப் போவாயே, அதே கட்டடம்தான். புதிது கட்டின பிறகு தோட்டத்தார் இதில் உரமூட்டை அடுக்கி வைத்திருந்தார்கள். மூட்டைகளை வெளியே எடுத்துவிட்டு ஏழு குடும்பங்களை உள்ளே விட்டார்கள். சேலையைக் குறுக்கே கட்டித்தான் வீடு பிரித்திருக்கிறோம். உன் நீலச் சேலைதான் எனக்கும் அண்ணன் குடும்பத்துக்கும் நடுவில் சுவர்.

வந்த மூன்று மாசத்தில் கிராம சேவகர் பட்டியல் எழுத வந்தார். இடம் இழந்த குடும்பங்களுக்கு மாசாமாசம் உதவிப்பணம், பிறகு வீடு கட்டக் காணி என்று சொன்னார்கள். அண்ணன் பெயரை எழுதினார், மதினி பெயரை எழுதினார், பிள்ளைகளை எழுதினார். கடைசியில் என்னையும் அதற்குள்ளேயே எழுதினார், ‘சகோதரி’ என்று. எனக்குப் பெயர்கூட வைக்கவில்லை அம்மா. கொழும்புக்குப் போன என் புருஷன் திரும்பி வராமல் பதினோரு வருஷம் ஆகிறது. இத்தனை நாளும் என் அடுப்பு தனி, என் அரிசி தனி. இது ஊருக்கே தெரியும். பட்டியலுக்கு மட்டும் தெரியவில்லை.

நான் தனிக் குடும்பம் என்று சொன்னேன். அவர் கெட்ட மனுஷன் இல்லை, பொறுமையாகத்தான் கேட்டார். உதவிப்பணம் வங்கிக்குத்தான் வரும், உன் பெயரில் வங்கிப் புத்தகம் இருந்தால் கொண்டு வா, தனியாக எழுதுகிறேன் என்றார். காணிப் பட்டியல் மேலே போவதற்குள் கொண்டு வர வேண்டும் என்றும் சொன்னார். கொழும்பு வேலையிலிருந்து லீவில் வந்திருந்த அண்ணன் அன்றைக்கு ராத்திரி சேலைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டார்.

“ஏன் தங்கச்சி, நம்ம ஒரு குடும்பத்துக்கு எதுக்கு ரெண்டு புத்தகம்?”

 எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. சம்பளத்தன்று ஆபிஸ் வாசலில் மேசை போட்டு, கிளாக்கர் பெயர் கூப்பிடுவாரே. ‘மாரியாயி’ என்று கூப்பிட்டால் அப்பா போய் நிற்பார். நீ கங்காணியிடம் திட்டு வாங்கி, அட்டைக்கடி வாங்கி எடுத்த கொழுந்துக்கு அப்பா கையெழுத்துப் போட்டு வாங்குவார். அப்பாவுக்குப் பிறகு அண்ணன் போய் நின்றார். நீ வேலையை விட்டபோது வந்த காசும் அண்ணன் புத்தகத்துக்குத்தான் போனது. கூரைக்குத் தகரம் வாங்கினார், கடனை அடைத்தார். யாரும் திருடவில்லை, அதை நான் சொல்லவே மாட்டேன். ஆனால் உன்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லையே. நான் கேட்டபோது நீ என்ன சொன்னாய் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? “என் கைக்குக் காசு வந்தா கை கூசும்டி” என்றாய். அதற்காக உன் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது அம்மா. செத்தவள் என்பதற்காக விட்டுவிட முடியவில்லை.

சரி, புத்தகம்தானே, எடுத்து விடலாம் என்று தலவாக்கலைக்கு பஸ் ஏறினேன். வங்கியில் இருந்த பிள்ளை யாழ்ப்பாணத்துப் பிள்ளை, கண்ணாடி போட்டிருந்தது. என் அடையாள அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. அட்டையில் பணிய லயம் என்று இருக்கிறது. அங்கேதான் இருக்கிறீர்களா என்று கேட்டது. பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வாய் வரவில்லை. மண் விழுந்த கதையைச் சொன்னேன். அந்தப் பிள்ளைக்கு முகம் வாடிவிட்டது.

“அக்கா, இப்ப நீங்கள் இருக்கிற இடத்துக்கு ஒரு அத்தாட்சி வேணும். கிராம சேவகரிட்டக் கடிதம் வாங்கிக்கொண்டு வாங்கோ. நான் உடனே செய்து தாறன்.”

கிராம சேவகரிடம் போனேன். பிள்ளைக்காம்பரா குடியிருப்பு இல்லையே, தோட்டத்துக் கட்டடமாச்சே, தோட்டத்துக் கடிதம் இல்லாமல் நீ அங்கே இருக்கிறாய் என்று நான் எப்படி எழுதுவது என்றார். தோட்ட ஆபிஸுக்குப் போனேன். நான் செக்றோல் பதிவில் பெயர் இல்லாத கைக்காசு ஆள், அன்றன்றைக்குக் கூலி வாங்கிக்கொண்டு போகிறவள், அதனால் என்னைப் பற்றிக் கடிதம் கொடுக்க வழியில்லை என்றார்கள். உண்மையான காரணத்தைக் கிளாக்கர் பிறகு மெதுவாகச் சொன்னார். இன்றைக்கு எழுதிக் கொடுத்தால் நாளைக்குக் கட்டடத்தையே கேட்பீர்கள் என்று துரைக்குப் பயமாம். வங்கிக்குக் கடிதம் வேண்டும், கடிதத்துக்குத் தோட்டம் வேண்டும், தோட்டத்துக்கு நான் வேண்டாம். மூன்று வாரம் இப்படியே அலைந்தேன். போன நாளெல்லாம் கூலியும் போனது. சேலைக்கு அந்தப் பக்கம் மதினி பெருமூச்சு விடுவது எனக்குக் கேட்கும்.

பிறகு ஒரு நாள் உலர் உணவு கொடுக்கக் கிராம சேவகர் வந்தார். வழக்கம்போல வாசலில் மேசை போட்டு உட்கார்ந்தார். அண்ணன் கொழும்பில் கட்டட வேலையில் இருக்கிறார், மதினி செக்றோலில் இருப்பதால் மலையை விட்டு வர முடியாது. அதனால் நாலு மாசமாக இந்தக் குடும்பத்துக்கு நின்று வாங்குவது நான்தான். கையெழுத்துப் போடக் குனிந்தபோது அந்தத் தாளின் தலைப்பு கண்ணில் பட்டது. இத்தனை நாளும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், மேலே என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்ததே இல்லை. ‘தங்கியுள்ள இடம்: பழைய பிள்ளைக்காம்பரா.’ அவருடைய கையெழுத்துத்தான், அவருடைய முத்திரைதான்.

பேனாவைக் கீழே வைத்தேன். எனக்குத் தெரிந்த உடைந்த சிங்களத்தில், எல்லோரும் கேட்கத்தான் சொன்னேன்: “ஐயா, நான் இங்கே இல்லை என்றால் நாலு மாசமா யாருக்கு அரிசி கொடுத்தீங்க?”

 அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பழைய தாள்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். எல்லாவற்றிலும் என் கையெழுத்து. எனக்குப் பயம்தான் அம்மா, உன்னிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது. அரிசியையும் நிறுத்திவிட்டால் அண்ணன் பிள்ளைகள் என்ன சாப்பிடும் என்று நினைத்தேன். ஆனாலும் நகரவில்லை. கடைசியில் சிங்களத்தில் ‘ஹரி, ஹரி’, சரி சரி என்று தலையை ஆட்டிவிட்டு, பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கடிதம் எழுதினார்.

அந்தத் தாளோடு மறுநாளே வங்கிக்குப் போனேன். கண்ணாடிப் பிள்ளை சொன்ன சொல் மாறாமல் அன்றைக்கே புத்தகம் எழுதித் தந்தது. பெயர் என்ற இடத்தில் என் பெயர். விலாசம் என்ற இடத்தில் பழைய பிள்ளைக்காம்பரா. புத்தகத்தைக் கிராம சேவகரிடம் காட்டினேன், என்னைத் தனிக் குடும்பமாக எழுதிக்கொண்டார். இதை எங்கே வைப்பது என்பதுதான் அடுத்த தலைவலி. கதவு இல்லாத வீட்டில் பூட்டு எங்கே மாட்டுவது? பொலித்தீன் பையில் சுற்றி ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டே மலைக்குப் போகிறேன், வருகிறேன். தூங்கும்போது தலைக்குக் கீழே. கூட வேலை செய்கிறவர்கள் புதுத் தாலியா என்று கேலி செய்கிறார்கள். இதைக் கட்ட ஒருத்தன் வேண்டியதில்லை என்று நானும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வாரம் வங்கியிலிருந்து கடிதம் வந்தது. தோட்டத்துக்கு வரும் தபாலெல்லாம் ஆபிஸுக்குத்தானே போகும். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் கிளாக்கர் உறையைத் தூக்கிப் பிடித்து என் பெயரைக் கூப்பிட்டார். விலாசத்தை இரண்டு தரம் படித்தார், புருவம் மேலே போனது. எனக்குப் பதிலாக யாரும் போய் நிற்கவில்லை அம்மா. நானே போய் வாங்கினேன்.

இவ்வளவு வீரம் பேசுகிறேனே, அதற்கப்புறம் நான் செய்த காரியத்தைக் கேள். முதல் உதவிப்பணம் வந்ததும் எடுக்கப் போனேன். அன்றைக்கு அண்ணன் லீவில் வந்திருந்தார், அவரும் கூட வந்து பஸ் ஸ்டாண்டில் நின்றார். காலையில் மழையில் கொழுந்து எடுத்த கை, விரல் மடங்கவில்லை. போட்ட கையெழுத்து வங்கியில் இருக்கும் கையெழுத்தோடு ஒத்துவரவில்லை என்று இரண்டு தரம் தாளைத் திருப்பிவிட்டார்கள். எதிர்க்கடையில் ஒரு பிளேன்டீ வாங்கி, குடிக்காமல் கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே நின்றேன். சூடு ஏறினதும் திரும்பப் போய்ப் போட்டேன். சரியாக விழுந்தது.

காசோடு வெளியே வந்தேன். அண்ணனைப் பார்த்ததும் என் கை தானாக அவர் பக்கம் நீண்டது. சத்தியமாகச் சொல்கிறேன், நான் நீட்டவில்லை. அது உன்னைப் பார்த்துப் பழகின கை. அண்ணன் கையும் தானாகத்தான் வந்தது. அவர் அதிகாரம் பண்ணவில்லை, கேட்கக்கூட இல்லை. காசு அவர் விரலைத் தொட்டுவிட்டது.

அந்த இடத்தில் நான் நின்றுவிட்டேன். என் கை கூசியது அம்மா. வாங்கினதற்கு இல்லை, கொடுக்கப் போனதற்கு. கையை இழுத்துக்கொண்டேன்.

“கேளுங்கண்ணே, தர்றேன். கேக்காம குடுக்க மாட்டேன்.”

 அண்ணன் முகம் கறுத்துவிட்டது. பஸ்ஸில் நான் முன்னால், அவர் பின்னால். லிந்துலை தாண்டும் வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். கூடப் பிறந்தவரை நடுத்தெருவில் வைத்து அவமானப்படுத்திவிட்டேனோ என்று மனசு அடித்துக்கொண்டது. அழுகையும் வந்தது. ஆனால் காசு என் ரவிக்கைக்குள்தான் இருந்தது. இறங்கி மேலே நடக்கும்போது, பாதி வழியில், தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

“தங்கச்சி, சின்னவளுக்கு ஸ்கூல் சப்பாத்து வாங்கணும். கொஞ்சம் குடுக்கிறியா?”

கொடுத்தேன். சந்தோஷமாகக் கொடுத்தேன். உன் மகன் உன் மகளிடம் வாய் திறந்து ஒன்று கேட்டது அன்றைக்குத்தான்.

போன வாரம் காணிப் பட்டியலை ஆபிஸ் சுவரில் ஒட்டினார்கள். அண்ணன் குடும்பம் ஒரு வரி. அதற்குக் கீழே நான் ஒரு வரி, பெயரோடு. வீடு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. தருகிறோம் என்று சொல்லிச் சொல்லியே நம்மை இருநூறு வருஷமாக இந்த மலையில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், எனக்கு அது மறக்கவில்லை. துரை ஆள் அனுப்பிப் பிள்ளைக்காம்பராவைக் காலி பண்ணச் சொல்லிப் பார்த்தார். கையில் சாவி வரும்வரை இந்த விலாசத்தை விட்டு நகர மாட்டோம் என்று ஏழு குடும்பமும் சொல்லி அனுப்பிவிட்டோம்.

சாவி வரும் அம்மா. வர வைப்பேன். வந்த அன்றைக்கு இந்தக் கடிதத்தை உறையில் போட்டு, மேலே உன் பெயரை எழுதி, என் வீட்டு விலாசம் எழுதித் தபாலில் சேர்ப்பேன். ஆபிஸுக்கு இல்லை, என் வாசலுக்கு வர வேண்டும். தபால்காரர் வந்து ‘மாரியாயி யாரு’ என்று கேட்கட்டும். அப்பா போய் நிற்க மாட்டார், அண்ணன் போய் நிற்க மாட்டார். என் அம்மாதான், இது அவங்க வீடுதான் என்று சொல்லி, உன் கடிதத்தை உனக்காக வாங்கி உன் படத்துக்கு முன்னால் வைப்பேன். நீ பிரித்துப் படி.

அதுவரைக்கும்,
மாரியாயி மகள் சரோஜா,
பழைய பிள்ளைக்காம்பரா,
பணிய லயத்துக்கு மேலே.