பெத்லகேமின் மற்றப் பிள்ளைகள்

டிச. 20, 1987. ஞாயிறு

விடியும்வரை மழை. துணி காயவில்லை. கோயிலுக்குப் போகவில்லை. பட்டாபிராமில் எங்கள் தெருவில் கிறிஸ்தவ வீடு இரண்டுதான். கோடி வீட்டில் நட்சத்திரம் கட்டிவிட்டார்கள். நமக்கு இந்த வருஷம் கிடையாது. பிள்ளையைப் புதைத்த வீடு. முதல் கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம், பலகாரம், புதுத்துணி எதுவும் வழக்கமில்லை. கேரல் பாடுகிறவர்களும் நுழைய மாட்டார்கள்.

மாலை வேதம் எடுத்தேன். மத்தேயு இரண்டு. ஏரோது ராஜா பெத்லகேமின் பிள்ளைகளைக் கொல்ல வருகிறான். குழந்தை இயேசுவைத் தூக்கிக்கொண்டு ஓடு என்று யோசேப்புக்குச் சொப்பனம். பக்கத்து வீட்டுத் தகப்பனுக்கு ஏன் ஒரு சொப்பனமும் இல்லை? ஆண்டவரே, என் ஜோயலுக்குக் காய்ச்சல் ஏறியபோது நாங்களும் தூங்கிக்கொண்டுதானே இருந்தோம்.

டிச. 22

ரேஷனில் சர்க்கரை. மண்ணெண்ணெய் இல்லை. ஜெபம் இல்லை. அவருக்கு அம்பத்தூரில் டபுள் ஷிப்டு. வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை, கேட்டு வாங்கிக்கொள்கிறார். தூளிப் புடவை இன்னும் துவைக்கவில்லை. துவைக்க மாட்டேன்.

டிச. 23

கல்லறைக்குப் போய்த் திரும்பினால் வாசலில் நட்சத்திரம், உள்ளே பல்பு. எதிர்வீட்டுக் குப்பம்மாக்கா. மாற்றுச் சாவி அவளிடம்தான். பரணில் தேடி எடுத்திருக்கிறாள்.

“வருசா வருசம் கட்டுவியே. ஊடு இருட்டா கீதேன்னு நாந்தான் கட்னேன்மா.”

அவளுக்கு நம் வழக்கம் என்ன தெரியும். கழற்றுவதற்குள் வெளிச்சத்தைப் பார்த்து ஒரு கேரல் கோஷ்டி வந்துவிட்டது. ஆவடிப் பையன்கள், வேறு சபை. டிரம் அடித்துத் தாலாட்டு பாடினார்கள். கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டவன் கொடியில் சின்னச் சட்டையைப் பார்த்துவிட்டான்.

“பாப்பாவ கூட்டினு வாங்கக்கா, மிட்டாய் கீது.”

தூங்குகிறான் என்றேன்.

மிட்டாய் அலமாரியில் இருக்கிறது.

டிச. 25

கோயிலில் மேய்ப்பர், தூதர், சமாதானம். ஏரோதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கேக் துண்டை வாங்காமல் வந்துவிட்டேன்.

டிச. 26

குப்பம்மாக்கா வந்தாள். கோடி வீட்டில் நம் வழக்கத்தைச் சொல்லியிருக்கிறார்கள். “தெரியாம பண்ட்டேன்மா” என்று அழுதாள். அவளுக்கு அந்த ஊர்ப் பிள்ளைகளின் கதையைச் சொன்னேன். சபையில் யாரிடமும் பேச முடியாததை இவளிடம் பேச முடிகிறது.

“அப்பால அந்தப் பொம்பளைங்கோ இன்னா பண்ணாங்கோ?”

வேதத்தை எடுத்துப் பார்த்தேன். செத்த பிள்ளைகளுக்காக ராகேல் என்கிற தாய் அழுகிறாள், ஆறுதல் வேண்டாமென்கிறாள். அடுத்த வசனத்தில் ஏரோது செத்துப்போகிறான். யோசேப்பு குடும்பத்தோடு ஊர் திரும்புகிறார்.

“ஒண்ணும் எழுதலக்கா.”

அவர் வருகிற நேரம். எழுந்து உலை வைத்தேன்.