மருந்து வண்டியின் பழைய பல்சக்கரத்தைத் திரும்பப் பொருத்தக் கோரி

அனுப்புநர்
நெரெய்தா பொம்பா,
பள்ளிச் சமையலறை ஊழியர்,
41, லாஸ் மெர்செதெஸ் தெரு,
சான் பிளாஸ், கிழக்குக் கியூபா.

பெறுநர்
உயர்திரு போக்குவரத்துப் பொறுப்பு அதிகாரி அவர்கள்,
நகராட்சி அலுவலகம்,
சான் பிளாஸ்.

பொருள்: மருந்து வண்டியாக ஓடும் மின்சார பைக்கின் மோட்டார் சத்தம் – புகாரின் பேரில் சரிசெய்யப்பட்டது – பழைய சத்தமே மீண்டும் வேண்டுமெனக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: எங்கள் தெருவாசிகள் சென்ற மாதம் அளித்த புகார் மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள் வரியில் பிழை ஏதுமில்லை. சத்தம் வேண்டும் என்றுதான் கேட்கிறேன். சத்தத்தை நிறுத்தச் சொல்லித்தான் தங்களுக்கு மனுக்கள் வரும் என்பதை அறிவேன். என் புத்தி நல்ல நிலையில்தான் இருக்கிறது. கீழே எழுதியிருப்பதைக் கடைசி வரை படித்துவிட்டுத் தாங்கள் முடிவெடுக்க வேண்டும்.

1. நகராட்சி மருந்துக் கிடங்கிலிருந்து சுற்றுவட்டார மருத்துவ நிலையங்களுக்கு மருந்துப் பெட்டிகளைக் கொண்டுபோகும் மின்சார பைக்கை, சென்ற செப்டம்பர் வரை ஓட்டி வந்தவர் என் கணவர் எலியேசர் தமாயோ. பெட்ரோல் கிடைக்காமல் நகராட்சியின் மற்ற வண்டிகளெல்லாம் கொட்டகையில் நின்று சக்கரத்தடியில் புல் முளைத்த காலத்தில், ஓடிக்கொண்டிருந்தது அவருடைய வண்டி ஒன்றுதான். இரவில் எங்கள் வீட்டு முன்னறையிலேயே நிறுத்தி, மின்சாரம் இருக்கும் நேரம் பார்த்து சார்ஜ் போடுவார்.

2. அந்த மோட்டாருக்குள் ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம் உண்டு. அது பல் தேய்ந்து வழுக்கத் தொடங்கியபோது மாற்றுச் சக்கரம் கேட்டு விண்ணப்பித்தார். பதில் வரவில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் பழைய ருஷ்ய சலவை இயந்திரம் ஒன்று இருந்தது. அதன் தடித்த மூடியை அறுத்து, அரம் போட்டு ராவி, பல் பல்லாகச் செதுக்கி, அவரே ஒரு சக்கரம் செய்து உள்ளே பொருத்திவிட்டார். அன்றிலிருந்து நான் கையால்தான் துணி துவைக்கிறேன்.

வண்டி ஓடியது. ஆனால் அது போட்ட சத்தம்! மின்சார வண்டி பூனை மாதிரிப் போகும் என்பார்கள். இது வால் மிதிபட்ட ஆட்டுக்குட்டி மாதிரி வழியெல்லாம் கத்திக்கொண்டு போனது. தெருவில் அதற்கு "ஆடு" என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மாலையில் வண்டி முனை திரும்பும்போதே எதிர்வீட்டு மரிசெலிஸ் சன்னலில் நின்று, "நெரெய்தா, உன் புருஷன் ஆடு மேய்ச்சுட்டு வந்துட்டாரு, சோத்தப் போடு!" என்று ஊருக்கே கேட்கக் கத்துவாள். எனக்கு மானம் போகும். கொஞ்சம் எண்ணெயாவது விடக்கூடாதா என்று கேட்டால், "எண்ணெய் விட்டா ஆடு கத்தாம இருக்குமா?" என்று சிரிப்பார். இனி என்ன சொல்லி என்ன.

3. செப்டம்பரில் ஒரு காலை, கிடங்கு வாசலில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. அத்தனை மருந்துக்கு நடுவில் போன உயிர் ஐயா அது. இதுபற்றி எனக்குப் புகார் எதுவும் இல்லை. யார் மேல் போடுவது?

அடக்கம் முடிந்தபின் வண்டியை யோர்தானிஸ் என்ற இளைஞரிடம் ஒப்படைத்தீர்கள். நல்ல பிள்ளை. அவர் வீடு எங்கள் தெருவின் கடைசியில் இருப்பதால் தினமும் மாலை எங்கள் வாசல் வழியாகத்தான் போவார். அவர் வந்த முதல் மாலை, அடுப்பிலிருந்து பயற்றுக் குழம்பை இறக்கிக்கொண்டிருந்தேன். முனையில் அந்தச் சத்தம் கேட்டது. கை தானாகப் போய் என் கணவரின் தட்டை எடுத்துவிட்டது. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

4. இந்த மனுவுக்குக் காரணமானவர் என் மாமனார் தியோபிலோ தமாயோ. எலியேசர் அவருக்கு ஒரே பிள்ளை. மாமாவுக்கு மறதி நோய். மருத்துவச் சான்று இணைத்துள்ளேன். பழைய காலத்து விஷயம் எல்லாம் நினைவிருக்கும். காலையில் நடந்தது மதியம் இருக்காது. மகனின் சவப்பெட்டியைத் தொட்டு அழுதவர், மறுநாளே "எலியேசர் எங்கம்மா, வேலைக்குப் போயிட்டானா?" என்று கேட்டார்.

முதலில் நான் உண்மையைச் சொன்னேன். பொய் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவள் நான். சொல்லும் ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது புதுச் செய்தி. "என் பிள்ள செத்துட்டானா? எப்போ? ஏன் எங்கிட்ட யாருமே சொல்லல?" என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நடுங்குவார். ஒரு தகப்பனுக்குப் பிள்ளையின் சாவை எத்தனை தடவை சொல்வது ஐயா? நிறுத்திவிட்டேன். அதைப் பாவம் என்பவர்கள் எங்கள் வீட்டில் ஒரு வாரம் வந்து இருந்து பார்க்கட்டும்.

அதன்பின் எங்களைக் காப்பாற்றியது அந்தச் சத்தம்தான். மாலையானால் வாசல் பக்கம் பார்த்தபடி நாற்காலியில் உட்காருவார். ஆடு கத்திக்கொண்டு தெருவைக் கடக்கும். "வந்துட்டான்" என்பார். கை கழுவிக்கொண்டு சாப்பிட உட்காருவார். சாப்பிட்டு முடிப்பதற்குள் எல்லாம் மறந்துபோகும், தூங்கிவிடுவார். பிள்ளை உள்ளே வந்தானா என்று ஒரு நாளும் கேட்டதில்லை. வந்துவிட்டான் என்பதே அவருக்குப் போதுமாக இருந்தது.

5. இந்த நிலையில்தான் பார்வையில் கண்ட புகார் தங்களுக்கு வந்தது. அதை முன்னின்று எழுதியவர் மேற்படி மரிசெலிஸ். அவர் இரவுப் பணி செவிலியர். மாலையில் கொஞ்சம் கண்ணயர்ந்தால்தான் ராத்திரி நிற்க முடியும். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். எலியேசர் இருந்தவரை சிரித்துக்கொண்டே பொறுத்தவர்களுக்கு, அவர் போனபின் சத்தம் மட்டும்தான் கேட்டது. என்னிடம் கையெழுத்துக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. வீட்டுக்குள் நடப்பதை நானும் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

உடைந்த தண்ணீர்க் குழாய்க்காக நாங்கள் கொடுத்த மனு எங்கே இருக்கிறதென்று ஆண்டவருக்கே வெளிச்சம். இந்த மனு மட்டும் ஒரே வாரத்தில் நிறைவேறிவிட்டது. பனாமாவிலிருந்து யாரோ கொண்டுவந்த புதுப் பல்சக்கரத்தை, நகராட்சி மெக்கானிக் வில்பர் பொருத்திக் கொடுத்தார். இப்போது வண்டி போவதே தெரிவதில்லை. தெருவே தங்களை வாழ்த்தியது. தங்கள் கடமையைத் தாங்கள் சரியாகத்தான் செய்தீர்கள்.

6. அன்று மாலை மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். யோர்தானிஸ் வாசலைக் கடந்து போனார். மாமாவின் தலை திரும்பவில்லை. சாப்பிடக் கூப்பிட்டேன். "அவன் வரட்டும்மா" என்றார். இருட்டிய பிறகும் அதையே சொன்னார். மின்வெட்டு, வண்டியில் சார்ஜ் இல்லை, அதனால்தான் தாமதம் என்று சொல்லிப் பார்த்தேன். இந்த நாட்டில் யாரும் மறுத்துப் பேசாத காரணம் அது ஒன்றுதானே. மாமா தலைக்கு மேல் கையைக் காட்டி, "ஃபேன் சுத்துது. என்ன மடையன்னு நெனச்சியா? எம்புள்ளைக்கு என்ன ஆச்சு, சொல்லு" என்றார்.

அன்றிலிருந்து தினமும் இதேதான். பகலில் ஏதோ இரண்டு வாய் இறங்குகிறது. மாலைச் சாப்பாட்டைத் தொடுவதில்லை. வாழைக்காய் வறுத்து வைத்தாலும் "அவனுக்கு எடுத்து வை" என்கிறார். உடம்பு துரும்பாகிவிட்டது. போன வாரம் நான் கழிவறைக்குப் போன நேரத்தில் பிள்ளையைத் தேடித் தெருவில் இறங்கி நடந்திருக்கிறார். கிடங்குச் சாலையில் விழுந்து கிடந்தவரை ஒரு குதிரைவண்டிக்காரர் கொண்டுவந்து விட்டார். நெற்றியில் தையல். அந்த நிலையிலும் வண்டிக்காரரிடம் கேட்டது, "எலியேசரப் பாத்தீங்களா தம்பி?" என்பதுதான்.

7. இதைப் பார்த்தபின் தெருவில் எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது. மரிசெலிஸ் என் வீட்டுக்கு வந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "உனக்காகவும்தான்டி கையெழுத்துப் போட்டேன். அந்தச் சத்தம் கேக்குறப்பல்லாம் உன் மூஞ்சியப் பாக்க முடியல" என்றாள். இருவருமாக அழுது முடித்தபின், "நான் காதுல பஞ்சு வச்சுக்கறேன். ஆஸ்பத்திரியில பஞ்சுக்கா பஞ்சம்?" என்றவள், கொஞ்சம் யோசித்து, "பஞ்சம்தான். இருந்தாலும் வச்சுக்கறேன்" என்றாள். புகாரில் கையெழுத்திட்ட அனைவரும் இந்த மனுவுக்குச் சம்மதம் தெரிவித்துப் போட்ட கையொப்பத் தாளும் இணைக்கப்பட்டுள்ளது.

யோர்தானிஸ் தானாகவே சக்கரக் கம்பியில் ஓர் அட்டையைச் செருகி, அது படபடவென்று அடிக்க ஓட்டிக்கொண்டு வந்து பார்த்தார். மாமா காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "அது எவனோ பொடியன் வெளையாடுறான். நம்ம ஆடு இல்ல" என்றார். அந்தப் பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு போனது.

8. எலியேசர் செய்த சக்கரம் வில்பரிடம் பத்திரமாக இருக்கிறது. குப்பையில் போட மனசு வரவில்லையாம். கொஞ்ச நேர வேலைதான், பொருத்தித் தருகிறேன் என்கிறார். ஆனால் வண்டி அரசுச் சொத்து, எழுத்து மூலம் உத்தரவு இல்லாமல் கைவைத்தால் தன் வேலை போய்விடும் என்றும் சொல்கிறார். அது நியாயம்தான். தங்கள் அலுவலகத்துக்கு வந்தேன். எழுத்தர் மரியாதையாகத்தான் பேசினார். "பழுதானதச் சரிபண்ணச் சொல்லி உத்தரவு போடலாம்மா. சரியா இருக்கறதப் பழுதாக்கச் சொல்லி எப்படிப் போடறது? அதுக்குப் படிவமே கெடையாதே" என்றார். படிவம் இல்லாத துக்கத்துக்கு எந்த அறைக்குப் போவது என்று அவருக்கும் தெரியவில்லை. ஆகவே நேராகத் தங்களுக்கே எழுதுகிறேன்.

9. எனவே ஐயா அவர்கள் கருணை கூர்ந்து, புதுச் சக்கரத்தைக் கழற்றிவிட்டு என் கணவர் செய்த சக்கரத்தையே அந்த மோட்டாரில் மீண்டும் பொருத்த வில்பருக்கு எழுத்து மூலம் உத்தரவிட வேண்டுகிறேன். இதனால் நகராட்சிக்கு நட்டம் இல்லை. பழைய சக்கரம் சத்தம் போடுமே தவிர, ஒரு நாளும் வழியில் நின்றதில்லை. யோர்தானிஸும் இதற்குச் சாட்சி சொல்வார். புதுச் சக்கரத்தை, அதே பழுதால் கொட்டகையில் நிற்கும் இன்னொரு மின்சார பைக்குக்குப் போட்டால் அதுவும் ஓடும். இரண்டு வண்டி ஓடினால் மலைப்பக்கத்து மருத்துவ நிலையங்களுக்கும் மருந்து நேரத்துக்குப் போய்ச் சேரும்.

காலையில் வேறு தெரு வழியாகச் சுற்றிப் போக யோர்தானிஸ் சம்மதித்திருக்கிறார். மாலையில் ஒரே ஒரு முறை எங்கள் வாசலைக் கடந்தால் போதும்.

10. காலவரையறை இல்லாமல் இப்படிப்பட்ட அனுமதி கொடுக்க முடியாது என்றும், "முதியவர் தியோபிலோ தமாயோ உயிருடன் இருக்கும் வரை" என்று எழுதித் தரும்படியும் எழுத்தர் அறிவுறுத்தினார். அதை எழுதிப் பார்த்துத் தாள்களைக் கிழித்துப் போட்டேன். மாமாவின் சாவுக்கு நானே நாள் குறித்துக் கொடுப்பதுபோல் இருக்கிறது.

அது மட்டும் காரணம் என்றால் அது முழு உண்மை ஆகாது. அவர் காலத்துக்குப் பிறகும் அந்தச் சக்கரத்தைக் கழற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இந்தக் கோரிக்கைக்கு இணைக்க என்னிடம் மருத்துவச் சான்று எதுவும் கிடையாது. என் நினைவு நன்றாகவே இருக்கிறது. என் கணவர் இறந்ததும், அவரை எங்கே புதைத்தோம் என்பதும், வண்டியில் வருவது யோர்தானிஸ் என்பதும் எனக்குத் தெரியும். எல்லாம் தெரிந்தும், தெரு அமைதியான நாளிலிருந்து மாலையில் எனக்கும் சோறு இறங்கவில்லை ஐயா.

தங்கள் உத்தரவுக்காகக் காத்திருக்கும்,

நெரெய்தா பொம்பா
(எலியேசர் தமாயோவின் மனைவி)

இடம்: சான் பிளாஸ்
நாள்: 14 மார்ச் 2025