வாலுவை இன்னைக்குக் காக்க வைக்காதீங்க

என்னங்க,

ரெண்டு தடவை கூப்பிட்டேன், வண்டி ஓட்டிட்டிருப்பீங்கபோல, எடுக்கல. டியூட்டிக்கு வார்டுக்குள்ள போயிட்டா என்னால போனைத் தொட முடியாது. அதான் எழுதி வைக்கிறேன். சாப்பாடு அடுப்பு மேல மூடியிருக்கு.

நம்ம வாலு டேப்ல ஆடுற படம் வரையற விளையாட்டுல யாரோ அவகூட ஒரு வாரமா பேசிட்டிருக்காங்க. தனக்கும் எட்டு வயசுன்னு சொல்லியிருக்காங்க. நேத்து, "ஸ்கூல் விட்டதும் யார் கூட்டிட்டுப் போவாங்க?"ன்னு கேட்டிருக்காங்க. இவ, "அப்பா. சில நாள் லேட்டாகும், கேட் பக்கத்துல தனியா நிப்பேன்"னு பதில் போட்டிருக்கா. அதைப் படிச்சதும்தான் உங்களைக் கூப்பிட்டேன்.

நானே அவளை ஸ்கூல்ல விட்டுட்டுப் போறேன். உங்களைத் தவிர யார்கூடவும் அனுப்ப வேணாம்னு டீச்சர்கிட்ட சொல்லிடுறேன். நீங்க மணி அடிக்கிறதுக்கு முன்னாடியே அங்க நில்லுங்க. லேட்டா வர்றதைப் பத்தி முந்தாநாள் போட்ட சண்டையை இப்ப இழுக்கல. இன்னைக்கு மட்டும் வேற எந்த வேலையும் வேணாம்.

டேப் பீரோவுல இருக்கு. கோபத்துல எதையும் அழிச்சிடாதீங்க. அந்தப் பேச்சை முதல்ல போட்டோ எடுங்க, அப்புறம் அந்த ஆளை பிளாக் பண்ணுங்க. சாயங்காலம் சேர்ந்து போய் போலீஸ்ல புகார் கொடுக்கலாம்.

இன்னொண்ணு. அவளைத் திட்டிடாதீங்க. இதை நானா கண்டுபிடிக்கல. தலை சீவிட்டிருந்தப்ப அவளே டேப்பைக் கொண்டுவந்து நீட்டினா. "அம்மாகிட்ட சொல்லாதேன்னு சொன்னாங்கம்மா, அதான் சொல்றேன்"னா.